எஸ்.எம்.சி கூட்டமும் அமாவாசைத் தண்ணியும்: ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகள் ஏன் சேர்ந்து உக்காரணும்

எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஒரு தடவை எஸ்.எம்.சி கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3 மணின்னு போட்டிருந்தாங்க. வந்தது ஆறு பேரு. ஹெச்.எம் டீச்சர் தீர்மான நோட்டை விரிச்சு வச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருக்காங்க, கோரம், அதாவது குறைஞ்சபட்ச ஆள் கணக்கு, ஆகணும்ல. நாலு மணிக்கு பேரப்பிள்ளைய கூப்பிட வந்த ஒரு பாட்டிய நிறுத்தி "ஆத்தா, உங்க மக மெம்பராச்சே, வரலையா"ன்னு கேட்டா, "இன்னைக்கு அமாவாசைத் தண்ணில்ல டீச்சர், கடல்பாசி எடுக்கப் போயிருக்கா, வர இருட்டிரும்"னு சொல்லிட்டு அந்தம்மா பாட்டுக்கு பிள்ளைய இழுத்துக்கிட்டு போயிருச்சு. நோட்டு மறுநாள் வீடு வீடா போயி கையெழுத்து வாங்கிட்டு வந்துச்சு. கூட்டம் நடந்ததா செல்போன் ஆப்புலயும் ஏறிருச்சு.

இத யார் மேலயும் குத்தம் சொல்ல எழுதல. அந்தம்மா சொன்ன ஒரு வரியில இந்தக் கடற்கரையோட கல்விப் பிரச்சனை பாதி இருக்கு, அதை விளக்கணும்னு தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

மொதல்ல எஸ்.எம்.சின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்தது, அதோட 21-வது பிரிவு தான் இதுக்கு அடிப்படை. குழுவுல நாலுல மூணு பங்கு பேர் அங்க படிக்கிற பிள்ளைகளோட பெத்தவங்களா இருக்கணும், பாதிப்பேர் பெண்களா இருக்கணும், நலிஞ்ச பிரிவு பெற்றோருக்கும் அவங்க எண்ணிக்கைக்குத் தக்க இடம் குடுக்கணும். வேலை என்னன்னா பள்ளி எப்படி நடக்குதுன்னு பாக்கறது, வர்ற நிதி எப்படி செலவாகுதுன்னு பாக்கறது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிச்சு குடுக்கறது. தமிழ்நாட்டுல ரொம்ப நாளா இது பேப்பர்லயே தான் இருந்துச்சு, 2022 மார்ச் 20-ம் தேதி ஒரே நாள்ல அரசுப் பள்ளி எல்லாத்துலயும் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதுக்கப்புறம் 20 பேர் குழுவா புதுசா அமைச்சாங்க. "நம் பள்ளி நம் பெருமை"ன்னு சுவத்துல எழுதியிருந்தது ஞாபகம் இருக்கும். 2024-ல மறுபடி மாத்தி 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேத்தாங்க, நான் உள்ள வந்தது அந்த வழியா தான். தலைவர் பெற்றோரா இருக்கணும், பெண்ணா இருக்கணும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேற, இது வேற. ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. அது சங்கம் மாதிரி, இது சட்டம் உருவாக்கின குழு.

சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் ஒரு தனித்தீவா நெனச்சு எழுதினது. ஒரு பள்ளி, ஒரு குழு, ஒரு நோட்டு. எங்க பக்கத்துல பிரச்சனை அப்படி பள்ளி பள்ளியா பிரிஞ்சு கெடக்கறதில்ல. சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை, தொண்டிலருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், அப்புறம் இந்தப் பக்கம் தெற்க கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரைக்கும். இதுல ஒரு பள்ளியோட தலைவலி அடுத்த பள்ளிக்கும் அப்படியே இருக்கும், ஏன்னா தலைவலிக்குக் காரணம் பள்ளிக்கூடத்துக்கு வெளிய இருக்கு. கடல்ல இருக்கு, பஸ்ல இருக்கு, தண்ணி டேங்க்ல இருக்கு.

கடலையே எடுத்துக்கங்க. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு போறது திங்கள், புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. ரெண்டு தரப்புக்கும் சண்டை வரக்கூடாதுன்னு ரொம்ப காலமா இருக்கற ஏற்பாடு இது. இப்ப வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டா என்னாகும்? நாட்டுப்படகுக்காரர் கடல்ல இருப்பார். விசைப்படகுக்காரர் கரையில தான் இருப்பார், ஆனா சனிக்கிழமை போறதுக்கு ஐஸும் டீசலும் ஏத்திட்டு இருப்பார். முஸ்லிம் ஊர்கள்ல ஜும்மா முடிஞ்சு சாப்பிட்டு வர மூணரை ஆயிரும். அம்மாமார வரச்சொல்லலாம்னா, மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கற பெண்களுக்கு காலண்டரே வேற. அமாவாசைய ஒட்டி ஆறு நாள், பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், தண்ணி நல்லா வத்துற நாள்ல தான் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முடியும். மாசத்துல சம்பாத்தியமே அந்தப் பன்னெண்டு நாள் தான். அதுவும் 1986-ல 21 தீவையும் சேத்து கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சதுக்கு அப்புறம் தீவு ஓரம் போகவே பயந்து பயந்து தான் போறாங்க. அந்த நாளை விட்டுட்டு தீர்மான நோட்டுல கையெழுத்து போட வான்னா யாரு வருவா.

இன்னொன்னு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரை 61 நாள், 2017-க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. விசைப்படகு ஆளுங்க வருஷத்துலயே தொடர்ந்து வீட்ல இருக்கறது இப்ப மட்டும்தான். அப்பா வீட்ல இருக்கற அந்த 61 நாள்ல பள்ளி திறந்திருக்கறது ஏப்ரல் கடைசில கொஞ்ச நாள், ஜூன் ஆரம்பத்துல கொஞ்ச நாள். அதாவது அப்பா கரையில இருக்கறப்ப பள்ளிக்கு லீவு, பள்ளி தொறந்தா அப்பா கடல்ல. இத கவனிச்சு வருஷத்துக்கு ரெண்டு பெரிய கூட்டத்த ஏப்ரல் மூணாவது வாரமும் ஜூன் ரெண்டாவது வாரமும் வச்சா வராத ஆளும் வருவாங்க. ஆனா தேதி சென்னையில முடிவாகுது, எல்லா மாவட்டத்துக்கும் ஒரே தேதி. ஒரு ஹெச்.எம் மாத்தச் சொல்லி எழுதினா "உங்க ஸ்கூலுக்கு மட்டும் எப்படி"ன்னு பதில் வரும். மண்டபம் ஒன்றியத்துல இருக்கற கடற்கரைப் பள்ளி எல்லாம் சேந்து கேட்டா அப்படி சொல்ல முடியுமா?

சரி, தேதி விசயம் சின்னது. அடுத்தது யார்கிட்ட போயி கேக்கறதுங்கறது. இத புரிஞ்சுக்கலைன்னா எஸ்.எம்.சில எத்தனை தீர்மானம் போட்டாலும் வீண்.

கிராமத்துல இருக்கற தொடக்கப்பள்ளி போர்டை பாருங்க, "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி"ன்னு இருக்கும். வாத்தியார் சம்பளம், டிரான்ஸ்ஃபர், பாடம் எல்லாம் பள்ளிக்கல்வித் துறை: வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ), அவருக்கு மேல மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ). ஆனா கட்டடம், காம்பவுண்டு சுவரு, கக்கூஸ் இதெல்லாம் ஒன்றியம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ) ஆபீஸ். மேற்கூரை ஒழுகுதுன்னு எஸ்.எம்.சி தீர்மானம் போட்டு ஹெச்.எம் மூலமா பி.இ.ஓவுக்கு அனுப்பினா, அவர் நல்ல மனுசனா இருந்தா பி.டி.ஓவுக்கு ஃபார்வர்டு பண்ணுவாரு, அங்க இஞ்சினியர் எஸ்டிமேட் போடணும், நிதி எந்தத் தலைப்புல இருக்குன்னு பாக்கணும், அதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். இதுல ராமேஸ்வரம் தீவு மாதிரி இடத்துல இன்னும் வேடிக்கை. ராமேஸ்வரம் நகராட்சி, பாம்பனும் தங்கச்சிமடமும் மண்டபம் ஒன்றியத்துக்குள்ள வர்ற ஊராட்சி. மண்டபம் ஊரே பேரூராட்சி. ஒரே ரோட்ல ஒரே பஸ்ல போற தூரத்துக்குள்ள மூணு விதமான உள்ளாட்சி. போதாததுக்கு நம்ம மாவட்டத்துல கிராம உள்ளாட்சிப் பிரதிநிதிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு. எஸ்.எம்.சில உள்ளாட்சிப் பிரதிநிதிக்குன்னு இடம் இருக்கு, அந்த நாற்காலியில உக்காந்தவரு தான் பி.டி.ஓ ஆபீஸ்ல போயி சத்தம் போடற ஆளு. அந்த ஆள் இல்லைன்னா அம்மாமார் தான் போகணும்.

ஒரு பள்ளி அம்மாமார் ரெண்டு பேர் போனா வெளிய பெஞ்சுல உக்கார வைப்பாங்க. ஆறு பள்ளிலருந்து பன்னெண்டு பேர் போனா உள்ள கூப்பிட்டு ஃபேன் போடுவாங்க. நான் கண்ணால பாத்தது.

நிதி பத்தியும் சொல்லிடறேன். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துல பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கைப்படி: 30 பிள்ளை வரைக்கும் வருஷத்துக்கு 10 ஆயிரம், 100 வரைக்கும் 25 ஆயிரம், 250 வரைக்கும் 50 ஆயிரம், 1000 வரைக்கும் 75 ஆயிரம், அதுக்கு மேல 1 லட்சம். சாக்பீஸ், கரண்டு, சின்னச் சின்ன ரிப்பேரு, துடைப்பம் பினாயில் எல்லாம் இதுக்குள்ள. கடற்கரைக் கிராமத்துல 28 பிள்ளை இருக்கற ஈராசிரியர் பள்ளிக்கு 10 ஆயிரத்த வச்சு என்ன பண்றது, உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்துல பொடிஞ்சு போகுது. எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல்ல காசு குடுத்தா கடலோரப் பள்ளிக்கு எப்பவும் பத்தாது, இத ஒரு தனிப்பள்ளி சொன்னா புலம்பலா இருக்கும், இருபது பள்ளி மூணு வருஷம் ரிப்பேர் பில்ல சேத்து வச்சு காட்டினா அது கணக்கு. மத்திய அரசு 2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு தரவேண்டிய 2,152 கோடிய நிறுத்தி வச்ச பஞ்சாயத்து வேற, அதுக்குள்ள போனா இந்தக் கட்டுரை முடியாது.

இப்ப பெரிய விசயத்துக்கு வர்றேன். எட்டாவதுக்கு அப்புறம் என்ன?

கல்வி உரிமைச் சட்டம் 6-லருந்து 14 வயசு வரைக்கும் தான். தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ள, நடுநிலை 3 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு விதி. ஒன்பதாவதுக்கு இந்தச் சட்டத்துல தூரக்கணக்கே கிடையாது. ஆக நடுநிலைப் பள்ளி முடிச்ச பிள்ளை பஸ் ஏறி இன்னொரு ஊருக்குப் போகணும். பையன்னா "எதுக்குடா பஸ்ஸுக்கு நிக்கிற, வலைய எடு"ன்னு சொல்ல ஆள் இருக்கு. அதுவும் அப்பா சிலோன் நேவி கையில மாட்டி யாழ்ப்பாணம் ஜெயில்ல இருந்தா, படகும் போயிருச்சுன்னா, பதினாலு வயசுப் பையன் தான் வீட்டுக்கு ஆம்பளை. பொண்ணுன்னா சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்கு திரும்பி வருதுங்கறது தான் அவ படிப்ப முடிவு பண்ணுது. சாயல்குடிப் பக்கம் பனைத்தொழில் குடும்பம்னா பதநீர் சீசன்ல காட்டுக்கே குடும்பத்தோட போயிருவாங்க, பரிட்சை நேரமும் அதுவும் ஒண்ணா வரும். கலாம் ஐயாவை எல்லா ஸ்கூல் சுவத்துலயும் வரைஞ்சு வச்சிருக்கோம், ஆனா அவரே ராமேஸ்வரத்த விட்டு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில போயி தங்கித்தான் மேல படிச்சாருங்கறத யாரும் பிள்ளைகளுக்கு சொல்றதில்ல. தங்கிப் படிக்க அனுப்ப ஒரு குடும்பம் துணிஞ்சுச்சு, அவ்வளவு தான். எல்லாக் குடும்பமும் துணியாது.

இங்க தான் எஸ்.எம்.சி அமைப்புல ஒரு ஓட்டை இருக்கு. நடுநிலைப் பள்ளியோட குழுவுக்கு எட்டாவது முடிஞ்ச பிள்ளையோட வேலை முடிஞ்சுருச்சு, டி.சி குடுத்தாச்சு, அந்த அம்மாவும் மெம்பர் பதவில இல்ல. மேல்நிலைப் பள்ளியோட குழுவுக்கு அந்தப் பிள்ளை வந்து சேந்தாத் தான் கணக்கு. நடுவுல விழுந்த பிள்ளைய எந்த நோட்டுலயும் பாக்க முடியாது. ரெண்டு குழுவும் ஜூன் மாசமே ஒண்ணா உக்காந்து, எட்டாவது முடிச்சவங்க லிஸ்ட்டும் ஒன்பதாவது சேந்தவங்க லிஸ்ட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சா, பத்து நிமிசத்துல தெரிஞ்சுரும் யார் வரலன்னு. வாத்தியாரும் இந்த வேலைய செய்றாங்க, இல்லைங்கல, ஆனா வீட்டுக்கு வந்து கேக்கறது பக்கத்து வீட்டு மதினியா இருந்தா கெடைக்கிற பதிலே வேற.

பஸ் கதைய கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது எங்களுக்கு நடந்தது. எங்க ரூட்ல அஞ்சு கிராமம். காலைல டவுன் பஸ் மேல்நிலைப் பள்ளி ஸ்டாப்புக்கு 9.20-க்கு போயி சேரும், பிரேயர் 9.10. தினம் லேட்டு. அதுலயும் பாஸ் வச்சிருக்கற பிள்ளைங்க நிக்கிற ஸ்டாப்ப பாத்தா சில நாள் வண்டி நிக்காது. அஞ்சு பள்ளி எஸ்.எம்.சியும் தனித்தனியா தீர்மானம் போட்டிருந்தாங்க, பின்னாடி தான் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சுது. எங்க நோட்டுல இருந்த வாசகம்: "மாணவர் நலன் கருதி கூடுதல் பேருந்து வசதி செய்து தருமாறு இக்குழு கேட்டுக்கொள்கிறது." இத படிக்கிற ஆபீசருக்கு என்ன புரியும்? கூடுதல் பஸ்னா வண்டி வேணும், டிரைவர் வேணும், கண்டக்டர் வேணும், ஃபைல ஓரமா வச்சுருவாரு. அப்புறம் பக்கத்து ஊர் முன்னாள் மாணவர் ஒருத்தர், நாங்க காக்கான்னு, அதாவது அண்ணன்னு, கூப்பிடுவோம், அவரு தான் சொன்னாரு, புது பஸ் கேக்காதீங்க, இருக்கற பஸ்ஸ இருபது நிமிசம் முன்னாடி கெளப்பச் சொல்லுங்கன்னு. அஞ்சு பள்ளிலயும் ஒரே வாசகம் எழுதினோம்: இந்த ரூட், இந்த வண்டி, இத்தனை மணிக்கு பதிலா இத்தனை மணி, எந்த ஸ்டாப்ல எத்தனை பிள்ளை ஏறுதுன்னு ஒரு பக்கம் இணைப்பு. மூணு ஊராட்சிலயும் ஆகஸ்ட் 15 கிராமசபைல அதே வாசகத்த வாசிச்சு தீர்மானமா ஏத்தினோம். எல்லா நகலையும் ஒரே கவர்ல போட்டு டிப்போவுக்கும் கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுநாளுக்கும் குடுத்தோம். ரெண்டு மாசம் கழிச்சு நேரம் மாறுச்சு. நிக்காம போறது மட்டும் இன்னும் அப்பப்ப நடக்குது.

கரைவலை இழுக்கறத பாத்தவங்களுக்கு இது ஈசியா புரியும். கயிறு ரெண்டு முனையும் கரையில தள்ளித் தள்ளி இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல இழுத்துக்கிட்டே ஒண்ணை ஒண்ணு நெருங்கி வரணும். ஒரு பக்கம் மட்டும் பலமா இழுத்தா மீன் சேர்ற மடி கோணிக்கும், மீன் வெளிய போயிரும்.

இதுக்கெல்லாம் புதுசா சட்டம் வேணுமான்னு கேட்டா, வேணாம்னு தான் சொல்வேன். பள்ளிகளை ஏற்கனவே குறுவள மையம் குறுவள மையமா பிரிச்சு வச்சிருக்காங்க, வாத்தியாருங்க பயிற்சிக்கு அங்க தான் கூடறாங்க. அதே கூட்டுல இருக்கற எஸ்.எம்.சி தலைவிங்க மூணு மாசத்துக்கு ஒருதடவை உக்காந்தா போதும். சட்டம் அதை செய்னு சொல்லல, செய்யாதன்னும் சொல்லல. கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை இருக்கு. இது ஒண்ணும் புதுப் பழக்கமும் இல்ல, காமராஜர் காலத்துல என்.டி. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரா இருந்தப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடந்துச்சு, வட்டாரத்துல இருக்கற பள்ளிகளோட தேவை எல்லாம் பந்தல்ல வச்சு பேசி, ஊர்க்காரங்களே பெஞ்சு, கட்டடம், தட்டு, டம்ளர்னு ஏத்துக்கிட்டாங்க.

தடை எங்க வருதுன்னா, ஒண்ணு அரசு உதவி பெறும் (எய்டட்) பள்ளிகள். எங்க கடற்கரைல சர்ச் நிர்வாகத்துல இருக்கற பள்ளியும், கீழக்கரை மாதிரி ஊர்ல முஸ்லிம் நிர்வாகப் பள்ளியும் நிறைய. 2012-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் உதவி பெறும் பள்ளியில எஸ்.எம்.சி ஆலோசனை சொல்ற குழு மட்டும் தான். அதனால "நம்ம கூட்டத்துக்கு அவங்க எதுக்கு"ன்னு ஒரு பேச்சு வரும். நான் என்ன சொல்றேன்னா, காலை உணவுத் திட்டத்த பாருங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரைல ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப்பள்ளி எல்லாத்துக்கும் வந்து, 2024 ஜூலை 15-லருந்து கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கும் வந்துருச்சு. இப்ப ரெண்டு பள்ளிலயும் காலைல ஆறு மணிக்கு அடுப்பு பத்த வைக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் நல்ல தண்ணி வேணும், போர்வெல் தண்ணி உப்பு, உப்புமா வாயில வைக்க முடியாது. தண்ணி வர்றது ஒரே காவிரி குழாய், ஒரே டேங்க் ஆபரேட்டர். சாயங்காலமே ரெண்டு பள்ளி தொட்டிக்கும் தண்ணி விடச்சொல்லி ரெண்டு குழுவும் சேந்து தான் பேசணும். சோத்துப் பானைக்கு அரசுப் பள்ளி, எய்டட் பள்ளின்னு தெரியாது.

இன்னொரு தடை நம்ம ஆளுங்க. எந்த ஊர் தலைவி பேர் மொதல்ல வரும், எந்தத் தெருக்காரி பேசறதுன்னு ஆரம்பிச்சா கூட்டம் கலைஞ்சுரும். சாதி இருக்கு, கட்சி இருக்கு, கடல்ல ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் வலை அறுத்த சண்டை இருக்கு, அது பள்ளிக்கூடத்துக்குள்ளயும் வந்து உக்காரும். சில ஹெச்.எம் பயப்படுவாங்க, நாலு ஊர் ஆளு கூடினா நம்மள பத்தி தான் பேசுவாங்கன்னு. மண்டபம் அகதிகள் முகாம்ல இருக்கற சிலோன்காரங்க பிள்ளைங்களும் நம்ம பள்ளியில தான் படிக்குது, "அவங்களுக்கு ஓட்டே இல்லையே, எதுக்கு மெம்பர்"ன்னு ஒருத்தர் கேட்டார். சட்டத்துல "பெற்றோர்"னு தான் போட்டிருக்கு, ஓட்டர் ஐடி கேக்கல, அத வாசிச்சு காட்டின பிறகு வாய மூடினார்.

எங்க அஞ்சு பள்ளி குழு இப்ப ஒரு வழிமுறை வச்சிருக்கு. கூட்டத்தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி தினசரி காலண்டர கிழிச்சு கிழிச்சு பாப்போம். அட்டமி நவமியில நல்ல காரியம் எதுவும் வைக்க மாட்டாங்கல்ல, எங்களுக்கு அதான் தோது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல வர்றதால அன்னைக்கு தண்ணி வத்தாது, பாசிக்கு யாரும் போக மாட்டாங்க. போன கூட்டம் நவமி அன்னைக்கு வச்சோம். அந்தப் பாட்டியோட மக வந்து முன்வரிசைல உக்காந்து, ஒன்பதாவதுல சேராத மூணு பிள்ளைங்க பேரையும் நோட்ட பாக்காமயே சொல்லுச்சு.